பச்சைக் காரும் வெள்ளிக் காரும் ஒரு டின் தண்ணீரும்

“…தண்ணி ஊத்துனது தப்பில்ல தம்பி. ஊத்துன எடந்தான் தப்பு.”

டீச்சர் இதைச் சொன்னது மடுல்கெல்லைக்கு ஏறுகிற பாதையில், பன்விலையைத் தாண்டி நாலைந்து வளைவு மேலே, மலைத் தண்ணீர் விழுகிற ஒரு பீலிக்கரையில். கையில் வெறும் தகர டின்னோடு அவருக்கு எதிரே நின்றவர் அவருடைய கணவரின் தம்பி. இரண்டு பேருக்கும் பக்கத்தில் இரண்டு கார்கள். ஒன்று பச்சை, இங்கிலாந்துக்காரன் செய்தது. பொனட் இடுக்கெல்லாம் ஆவி விட்டுவிட்டு அப்போதுதான் அடங்கியிருந்தது. மற்றது வெள்ளி நிறம், ஜெர்மன்காரன் செய்தது. மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தது. அந்த இரண்டு கார்களுக்கும் வைத்தியன் நான். அந்த நேரம் வெள்ளிக் காரின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்து, தலையை உள்ளே விட்டிருந்தேன். வேலையும் இருந்தது. சிரிப்பை மறைப்பதற்கு அதைவிட வசதியான இடமும் அங்கே இல்லை.

நாங்கள் மூன்று பேரும் எப்படி அந்தப் பீலிக்கு வந்து சேர்ந்தோம் என்பதைச் சொன்னால்தான், டீச்சர் அடுத்து என்ன செய்தார் என்பது விளங்கும்.

எனக்கு அப்போது முப்பது வயதிருக்கும். கண்டி டவுனில் ஒரு கராஜில் வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்சப் படிப்பு எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய இங்கிலீஷ் புத்தகங்களில். படத்தைப் பார்த்து, அகராதியில் தேடி, ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் என்று படித்தேன். காபரேட்டர் சரி பண்ணுவதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் காபரேட்டர் வாயிலும் வைத்துக் கேட்டேனென்றால், எஞ்சின் என்ன சாப்பிட்டது, எது செரிக்கவில்லை என்று சொல்லிவிடுவேன். “இந்த பாஸ் காருக்குக் கொழா வச்சுப் பாக்குற டொக்டரு” என்று பக்கத்து சலூன்காரர் சொல்வார். எங்கள் பக்கம் கைவேலை தெரிந்த ஆளை பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். மேசன் பாஸ், தச்சு பாஸ், நான் கராஜ் பாஸ்.

டீச்சரின் கணவர் மடுல்கெல்லைப் பக்கத்தில் ஒரு தோட்டத்து டீமேக்கர், தேயிலைத் தொழிற்சாலைக்குப் பொறுப்பானவர். ஸ்டோர் என்கிற அந்தத் தொழிற்சாலையில் உருளைகளின் இரைச்சலுக்குள்ளேயே கிடந்து பாதிக் காது போனவர். ஆனால் கார் சத்தம் மட்டும் அவருக்குக் கேட்கும். டீச்சர் இதைப் பற்றிச் சொல்லும்போது, “நான் அடுப்படியில இருந்து பத்து தரம் கூப்பிட்டா திரும்ப மாட்டாரு பாஸ். வத்தேகமவுல ஒருத்தன் கியர் மாத்துனா தலையைத் தூக்குவாரு” என்பார்.

சம்பளக்காரர் ஒருவர் இரண்டு பந்தயக் கார் மாதிரிக் கார்களை வைத்திருந்தது எப்படி என்று கேட்கலாம். வாங்கினார் என்பதைவிட ஒதுங்கினதைப் பொறுக்கினார் என்பதுதான் சரி. சுதந்திரத்துக்குப் பிறகு ஊர் திரும்பின வெள்ளைக்காரச் சின்னத்துரை ஒருவர் பச்சைக் காரை ஒரு கொட்டகையில் விட்டுவிட்டுப் போனார். இவர் போய்ப் பார்த்தபோது ஆசனத்தில் கோழி முட்டையிட்டிருந்ததாம். வெள்ளிக் கார் பல வருஷம் கழித்து, தோட்டங்களை அரசாங்கம் எடுக்கப்போகிறது என்று பேச்சு வந்த காலத்தில், இன்னொரு துரை அவசரமாகக் கிளம்பியபோது கிடைத்தது. அதிலே எஞ்சின் ஓடவில்லை. இரண்டையும் ஓட வைத்தது அவரும் நானும்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலிலிருந்து நேராகக் கராஜுக்கு வந்துவிடுவார்.

பச்சைக் காரைக் கொட்டகையிலிருந்து இழுத்து வந்தது தம்பி. அவருக்கு வத்தேகமவில் வீடு, சொந்தமாக ஒரு லொறி. தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகளைக் கீழே இறக்குவார், அரிசியையும் மாவையும் மேலே ஏற்றுவார். அன்றைக்குக் கயிறு மூன்று தரம் அறுந்ததையும், மூன்றாம் தரம் அண்ணன் காரோடு தேயிலைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு, “நீ போடா, நான் இங்கேயே இருந்துக்கிறேன்” என்று கத்தினதையும் அவர் சொல்லச் சொல்ல அலுக்காது. நானே அதை இருபது தரமாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு தரமும் கயிறு கொஞ்சம் நீளும், பள்ளம் கொஞ்சம் ஆழமாகும்.

டீமேக்கர் ஒருநாள் ஸ்டோரில் இருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். தோட்டத்து வீட்டை விட்டுவிட்டு டீச்சர் அம்பிட்டியவில் இருந்த தன் சொந்த வீட்டுக்கு வந்தார். கார்களும் வந்தன. அங்கேதான் சிக்கல். அம்பிட்டிய வீட்டு ஷெட் ஒரு காருக்கு மட்டும்தான் கட்டியது. மற்றது முற்றத்தில் படங்குத் துணியைப் போர்த்திக்கொண்டு நின்றது. எங்கள் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. படங்கைத் தூக்கிப் பார்த்தால் கதவு விளிம்பில் துரு, அரிசிமணி அளவில்.

“டீச்சர், ஒரு மழையைத் தாங்கும். அடுத்த மழையைத் தாங்காது. ஒண்ணைக் குடுத்துருங்க” என்றேன்.

“வெளிய குடுக்க மாட்டேன். தம்பிக்குத்தான். ஆனா எதைக் குடுக்குறது? வச்சிக்கிறதை நான் ஓட்டணும் பாஸ். அழகு பாக்குறதுக்கு ஷெட்டுல நிறுத்துறதுக்கில்ல.”

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது தாண்டியிருக்கும். திகன பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். விடியற்காலையில் அம்பிட்டியவிலிருந்து டவுனுக்கு ஒரு பஸ், டவுனிலிருந்து திகனவுக்கு இன்னொன்று. இரண்டிலும் நின்றுகொண்டே பயணம். கணவர் போன ஆறாம் மாதம் எங்கள் கராஜ் வேனில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டப் பழகி, லைசன்சும் எடுத்துவிட்டார். வெளிநாட்டுக் கார் ஒன்றும் நாட்டுக்குள் வராத வருஷங்கள் அவை. கையை விட்டுப் போனால் போனதுதான், மாற்றிக்கொள்ள வழியில்லை. ஆகவே எந்தச் சாவியைத் தம்பி கையில் வைப்பது என்பது அந்த வீட்டில் சாதாரண விஷயமில்லை. தப்பாகத் தேர்ந்தால் பென்ஷன் வரைக்கும் இரண்டு பஸ்.

தம்பிக்கு வெள்ளிக் கார் மேல்தான் கண். அண்ணன் கடைசியாக ஓட்டினது அது. அதை அவர் வெளியில் சொல்ல மாட்டார். “பொம்பளைக்கு எதுக்கு அண்ணி பின்னாடி எஞ்சின் வச்ச காரு? திருப்பத்துல வாலு முன்னாடி வந்துரும். எனக்குன்னா அந்தக் காரு அத்துப்படி” என்று சுற்றிவளைத்து வருவார்.

என் கட்சி வேறு காரணத்துக்காகத் தம்பி கட்சியோடு சேர்ந்தது. எனக்குப் பச்சைக் கார் டீச்சரிடம் நிற்க வேண்டும். அம்பிட்டிய பக்கம், வாரம் ஒரு தரம் நான் போய்க் குழாய் வைத்துக் கேட்கலாம். வத்தேகமவுக்குப் போனால் லொறிக்காரர் அதைத் தானே முறுக்கிக் கெடுத்துவிடுவார் என்று பயம். இதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

இனி கார்களைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டின் வயிற்றையும் கையால் துழாவினவன், அதனால் அடித்துச் சொல்லலாம்.

பச்சைக் கார் திறந்த கார், இரண்டே ஆசனம். பொனட் நீளம், அதற்கு மேல் தோல் வார் ஒன்று. “மூக்கு பேராதனை போயிரும், ஆளு இன்னும் கண்டியிலதான் இருப்பாரு” என்றார் சலூன்காரர். கம்பிச் சக்கரங்கள், நடுவில் ஒரு பெரிய நட்டு. அதைக் கழற்றச் செம்புச் சுத்தியலால் தட்ட வேண்டும். இரட்டைக் காபரேட்டர், இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒன்றுக்குக் காய்ச்சல் வந்தால் மற்றதுக்கும் வரும். இரண்டையும் ஒரே மூச்சில் இழுக்க வைத்துவிட்டேனென்றால், குண்டசாலைப் பக்கம் நேர் ரோட்டில் அது விடுகிற சத்தம் வயிற்றில் கேட்கும். ஸ்டியரிங் ஒரு நூல் அசைந்தால் கார் ஒரு நூல் அசையும். கியர் கைக்குட்டையை மடிக்கிற மாதிரி ‘டிக்’கென்று விழும். நேர் ரோட்டில் வெள்ளிக் கார் அதன் தூசியைத்தான் தின்னும்.

ஸ்பேர்ஸ் கிடைக்காத காலத்தில் அதில் இன்னொரு நன்மை. எது உடைந்தாலும் ஊரில் யாராவது செய்து தருவார்கள். பழைய இங்கிலீஷ் வேன் ஒன்றின் வால்வு அதற்குப் பொருந்தும். கேஸ்கட்டை நானே கத்தரிக்கோலால் வெட்டுவேன். ஸ்பேனர்கள் எல்லாம் அங்குலக் கணக்கு, வீட்டுக்கு வீடு இருக்கும்.

குறையைச் சொல்லாமல் விட்டால் பொய்க்காரன் ஆவேன். மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டும். வயரிங் ஈரக் காற்று பட்டாலே மக்கர் பண்ணும். மேட்டில் தாகம் எடுக்கும், அதுவும் அடிக்கடி.

வெள்ளிக் காரை முதல் தரம் கராஜுக்குக் கொண்டுவந்த அன்று ஒரு கூட்டமே கூடியது. முன்னும் பின்னும் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு போகும் உடம்பு. எங்கள் கராஜில் தகடு தட்டுகிற சிங்கள டிங்கர் பாஸ் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு “இப்பா” என்றார். ஆமை என்று அர்த்தம். அரிசிக்கடை முதலாளி “கவுத்து வச்ச சருவச்சட்டி” என்றார். பேக்கரிக்காரருக்கு அது ஒரு பாண். அதைத் திறந்து காட்டினதும் எல்லோருக்கும் வாய் மூடவில்லை. எஞ்சின் பின்னால், பின் சக்கரங்களுக்கும் பின்னால். முன்பக்க மூடியைத் தூக்கினால் உபரிச் சக்கரம், பெற்றோல் டாங்கி, அதன் மேல் ஒரு பெரிய வட்ட மூடி. ரேடியேட்டர் என்று ஒன்று கிடையாது. காற்றாடி ஒன்று சுற்றிச் சுற்றிக் காற்றாலேயே எஞ்சினைக் குளிர வைக்கும்.

அதன் சத்தம் தையல் மெஷின் சத்தம். கியர்த் தடி நீளம், குழம்புச் சட்டியில் அகப்பை போட்டுத் துழாவுகிற மாதிரி. மில்லிமீட்டர் ஸ்பேனர்கள் வேண்டும், அந்த நாளில் கண்டியில் மூன்று பேரிடம்தான் முழு செட் இருந்தது. தம்பி சொன்னதில் உண்மையும் உண்டு. ஈர ரோட்டில் வேகமாக வளைவுக்குள் போய்விட்டுப் பயந்து காலை எடுத்தால் வால் முன்னால் வந்து நமஸ்காரம் சொல்லும். ஆனால் கதவைச் சாத்தினால் அலுமாரி மூடுகிற சத்தம், ஒரு சொட்டு மழை உள்ளே வராது. விடியற்காலைக் குளிரில் ஒரு சாவித் திருப்பு, அவ்வளவுதான். எஞ்சின் பாரம் முழுக்க இழுக்கிற சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பதால், சேற்று மேட்டில் பச்சை சறுக்கிச் சுழல்கிற இடத்தில் இது பேசாமல் ஏறிவிடும்.

இவ்வளவையும் டீச்சர் வீட்டு விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்து ஒரு பிளேன்டி ஆறும்வரைக்கும் சொன்னேன். பச்சையின் நன்மையைக் கொஞ்சம் நீட்டியும் குறையைக் கொஞ்சம் சுருக்கியும்தான். அவர் கொப்பி திருத்துகிற பார்வையோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “பாஸ், நீங்க ஒரு பிள்ளைக்கு மட்டும் கேள்வியைச் சொல்லிக் குடுத்துட்டுப் பரீட்சை வைக்கிறீங்க” என்றார்.

“ஐயோ, அப்படியில்ல டீச்சர்.”

“அப்படித்தான். ரெண்டுக்கும் ஒரே கேள்வித்தாள் குடுப்போம். சனிக்கிழமை ரெண்டையும் மடுல்கெல்லைக்கு ஏத்துவோம். அவரு வாரா வாரம் ஓட்டின ரோட்டுல. போறப்ப நான் பச்சையில வாரேன், நீங்க ஓட்டுங்க. தம்பி வெள்ளியைக் கொண்டு வரட்டும். வாறப்ப நான் வெள்ளியில. அன்னைக்கே தம்பி கையில ஒரு சாவியைக் குடுத்துருவேன். அப்புறம் யாரும் மூஞ்சியைத் தூக்கக் கூடாது.”

தம்பிக்குச் சொல்லி அனுப்பினோம். வெள்ளிக்கிழமை இரவே வந்து படுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை இரண்டு காருக்கும் அரை டாங்கிப் பெற்றோலை நானே ஊற்றினேன். பச்சைக்குத் தண்ணீர் கழுத்துவரை ஊற்றினேன். டீச்சர் ஏறுவதே ஒரு காட்சி. அந்தக் கார் தரையோடு தரையாக இருக்கும். சேலையை ஒரு கையில் பிடித்து, ஒரு காலை உள்ளே வைத்து, மற்றக் காலுக்கு இடம் தேடி, “இந்தக் காரைச் செஞ்சவன் பொண்டாட்டி சேலை கட்ட மாட்டா போல” என்றார். ஏறி உட்கார்ந்ததும் பொனட்டுக்கு மேலே எட்டிப் பார்த்தார். “ரோடு எங்க பாஸ்?” என்று கேட்டார். “முன்னால இருக்குங்க டீச்சர், கொஞ்சம் தள்ளி” என்றேன்.

கட்டுகஸ்தோட்டை வரைக்கும் நாங்கள்தான் முன்னால். தம்பியை விட்டு விலகி, ஆற்றோர ரோட்டில் அந்தச் சத்தத்தை எழுப்பினேன். டீச்சர் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கணவர் போனபிறகு அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. பச்சை ஜெயித்துவிட்டது என்று எனக்கு அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. வத்தேகமவில் தோட்டத்து லயன் வீடுகளின் கோயிலுக்கு முன்னால் ஒரு மாட்டுக்காக நின்றபோது வெள்ளிக் கார் தையல் மெஷின் சத்தத்தோடு எங்களைக் கடந்தது. தம்பி கையை வெளியே நீட்டி, நாங்கள் பின்னால் வருவதற்கு அனுமதி கொடுப்பது போல ஆட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு மேடு. பன்விலை தாண்டியதும் ரோடு தன் உடம்பையே முறுக்கிக்கொண்டு ஏறும். முதல் நாள் பெய்த மழை ரோட்டில் இருந்தது. இரண்டாம் வளைவில் பின் சக்கரம் சுழன்றது. மூன்றாம் வளைவில் வெப்பமுள் ஏறத் தொடங்கியது. நான் கையால் மறைக்க முடியாத தூரத்தில் அது இருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாலாம் வளைவில் பொனட் இடுக்கிலிருந்து வெள்ளைப் புகை.

இந்த ரோட்டில் ஓட்டினவர்களுக்குப் பீலியைத் தெரியும். மலையிலிருந்து ஒரு தகட்டுக் குழாய் வழியாகத் தண்ணீர் விழும். மேலே ஏறுகிற லொறி, வேன், பஸ் எல்லாம் அங்கே நின்று ரேடியேட்டருக்குத் தண்ணீர் காட்டும். யார் முதலில் வந்தாலும் டின்னைக் கழுவி, அடுத்து வருகிறவருக்கு நிரப்பி வைப்பார்கள். தெரியாத ஆளின் வண்டிக்கும் தாங்களே பொனட்டைத் தூக்கி ஊற்றுவார்கள். இது அங்கே ஒரு மரியாதை. நின்று தண்ணீர் காட்டாமல் போகிறவனை ‘யாரடா அவன்’ என்று பார்ப்பார்கள்.

நாங்கள் ஆவியோடு அந்த வளைவில் திரும்பியபோது வெள்ளிக் கார் அங்கே பந்தாவாக நின்றது. தம்பி பீலிச் சுவரில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குடத்தோடு ஒரு தோட்டத்து அக்கா.

“பாஸ், என்ன, சோறு வடிக்கிறீங்களா?” என்றார் தம்பி.

“தண்ணி வேணும் அண்ணே, அவ்வளவுதான்.”

“நேரத்துக்குக் காட்டணும் பாஸ். இருவது வருசமா இந்த மேட்டுல ஓட்டுறேன், ஒரு நாளு கொதிச்சதில்ல. இதுக்கும் இப்பத்தான் காட்டுனேன். ஜம்முனு நிக்குது பாருங்க.”

எனக்கு ஏதோ உறைத்தது, ஆனால் முழுதாக உறைக்கவில்லை. “எதுக்கு அண்ணே காட்டுனீங்க?” என்று நான் கேட்பதற்குள் அவர் வெள்ளிக் காரில் ஏறிவிட்டார். “அண்ணி, நீங்க ஆறிக்கிட்டு வாங்க, நான் மேல போயி டீ போடச் சொல்றேன்” என்றபடி ஸ்டார்ட் பண்ணினார். குழாயில் மிச்சமிருந்த நல்ல பெற்றோலில் கார் கம்பீரமாகக் கிளம்பியது. அடுத்த வளைவுவரை போனது. அங்கே ஒரு இருமல். பிறகு இரண்டு. பிறகு கிழவர் தும்முகிற மாதிரி ஒரு நீளத் தும்மல். அப்புறம் சத்தமில்லை. கொஞ்ச நேரத்தில் வெள்ளிக் கார் பின்பக்கமாகவே மெல்ல உருண்டு இறங்கி வந்து, பீலிக்கு முன்னால் அதே இடத்தில் நின்றது. ஸ்டியரிங்கில் தம்பி பின்னால் திரும்பிப் பார்த்தபடி, கழுத்து நரம்பு புடைத்து.

“அண்ணே, தண்ணி எங்க ஊத்துனீங்க?”

“ரேடியேட்டருக்குத்தான்.”

“இதுக்கு ரேடியேட்டர் இல்லீங்களே அண்ணே.”

“அது எப்பிடி இல்லாம இருக்கும்? முன்னாடி பெரிசா மூடி இருக்குதே.”

குடத்துக்கார அக்கா தன்மேல் எதுவும் வரக்கூடாது என்று முந்திக்கொண்டார். “ஆமாங்க, நான்தானே மேல் மூடியைப் புடிச்சிக்கிட்டேன். ஒரு டின்னு ஊத்துனாரு. போதும்னேன். இன்னும் கொஞ்சம் ஊத்துவோம்னு ரெண்டாவதும் பாதி ஊத்துனாரு.”

“பெற்றோல் மணக்கலையா அண்ணே?”

“இருவது வருசம் டீசல்ல கெடந்த மூக்கு பாஸ். எல்லாம் மணக்கும், ஒண்ணும் மணக்காது.” அவர் காரைவிட்டு இறங்கி, நீங்களே சொல்லுங்கள் என்பது போலக் கையை விரித்தார். “எஞ்சின் பின்னாடின்னு தெரியும். அண்ணன் சொன்னாரு, இதுக்குத் தண்ணியே வேணாம்டான்னு. சத்தியமா நான் பகிடி பண்றாருன்னு நெனச்சேன். தண்ணி இல்லாம ஒரு காரு மடுல்கெல்லைக்கு ஏறுமா? அவரு எத்தனை பகிடி விட்டிருக்காரு எனக்கு!”

நியாயம் அவர் பக்கமும் இருந்தது. அந்த மேட்டில் தண்ணீர் குடிக்காத வண்டியை அவர் கண்டதே இல்லை.

காருக்கு அது சாகிற வியாதியில்லை. டாங்கியின் அடி நட்டைத் திறந்து எல்லாவற்றையும் வடித்து, குழாயை ஊதி, காபரேட்டர் கிண்ணங்களைத் துடைத்து, பன்விலைக்கு ஆள் அனுப்பி ஒரு கலன் பெற்றோல் எடுத்து வந்தால் முடிந்தது. நல்ல வேளை, என் மில்லிமீட்டர் ஸ்பேனர்கள் பச்சைக் காரின் பின்னால் இருந்தன. உடனே குளிருக்குப் போட்டிருந்த கோட்டைக் கழற்றிவிட்டு அடியில் படுத்தேன். குடத்துக்கார அக்காவின் மகன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கீழே பறந்தான். நட்டைத் தளர்த்தினதும் பெற்றோலுக்கு முன்னால் பீலித் தண்ணீர் வந்தது. சில்லென்று, என் முழங்கைவரைக்கும்.

மேலே இரண்டு பேரும் நின்றார்கள். எனக்குக் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. தம்பியின் செருப்பு ஒரு இடத்தில் நிற்காமல் சரளைக்கல்லைத் தேய்த்தது. அவர் மெல்லிய குரலில், “நான் தண்ணி ஊத்தியிருக்கப்புடாது அண்ணி” என்றார்.

அப்போதுதான் டீச்சர் சொன்னார், ஊத்துனது தப்பில்ல, ஊத்துன எடந்தான் தப்பு என்று. நான் சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்தேன். ஆனால் தம்பி சிரிக்கவில்லை.

“அண்ணன் இதுலதான் கடைசியா வத்தேகம வந்தாரு. எனக்கு இந்தக் காரைத் தவிர ஒண்ணும் வேணாம்னு இருந்தேன். அத்துப்படின்னு வேற சொன்னேன். இனி எந்த மொகத்தோட அண்ணி ஒங்ககிட்ட சாவி கேப்பேன்?”

நான் காருக்கு அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தேன். டீச்சர் தம்பி கையிலிருந்த டின்னை வாங்கினார். பீலிக்குப் போய் இரண்டு தரம் அலசிக் கொட்டிவிட்டு நிரப்பினார். பச்சைக் காரின் தோல் வாரை அவிழ்த்து, அந்த நீளப் பொனட்டை ஒரு கையால் தூக்கினார். சேலைத் தலைப்பை நாலாக மடித்து ரேடியேட்டர் மூடிமேல் வைத்து, கால் திருப்புத் திருப்பி, சீற்றம் அடங்கும்வரை முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு காத்திருந்தார். டீமேக்கர் செய்கிற மாதிரியே. பிறகு மூடியை எடுத்து, கழுத்துவரை வந்து வழியும் மட்டும் மெதுவாக ஊற்றினார்.

“தம்பி, பாத்துக்கிட்டீங்களா, எங்கன்னு?”

“பாத்தேன் அண்ணி.”

“கயிறு எத்தனை தரம் அறுந்துச்சு இதை இழுத்துட்டு வந்தப்ப?”

“மூணு தரம்.”

“அவரு ஒங்களைப் பத்தி யாருகிட்டயும் அந்த ஒரு கதையைத்தான் சொல்லுவாரு.”

மூடியைத் திருகி, பொனட்டைச் சாத்தி, வாரை இழுத்துக் கட்டினார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். எனக்கு விளங்கியது. விளங்கியும் ஒரு நிமிஷம் தாமதித்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். சட்டைப் பையிலிருந்து பச்சைக் காரின் சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். அவர் அதை வெறும் டின்னுக்குள் போட்டார், கலகலவென்றது. டின்னோடு சேர்த்துத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, சேலையைக்கூடத் தூக்கிப் பிடிக்காமல், வெள்ளிக் காரின் ஸ்டியரிங் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, பெற்றோல் வரும்வரைக்கும் ஆசனத்தை முன்னால் இழுத்துத் தன் காலுக்குச் சரி பண்ணத் தொடங்கினார்.